தாய் இருக்கும்போதே எழுத வேண்டிய புத்தகம்: உகாண்டா நினைவுப் புத்தகத் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

விபத்து அவகாசம் தருவதில்லை. நீண்ட நோய் தரும். எய்ட்ஸுக்கு மருந்து எட்டாத காலத்தில், தொற்று தெரிந்த ஒரு தாய்க்குச் சில மாதங்களிலிருந்து சில ஆண்டுகள் வரை நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்கப் பெரும்பாலான வீடுகளில் மௌனத்திலேயே கழிந்தது. குழந்தைக்கு அம்மா மெலிந்துபோவது தெரியும், ராத்திரி இருமுவது தெரியும், பக்கத்து வீட்டார் குரலைத் தாழ்த்திப் பேசுவதும் தெரியும். அவள் எந்த ஊரில் பிறந்தாள், அப்பாவின் சொந்தங்கள் எங்கே இருக்கிறார்கள், நாளைக்குத் தன்னை யார் வைத்துக்கொள்வார்கள் என்பது மட்டும் தெரியாது. இந்த இடைவெளியில் வேலை செய்ய வந்ததுதான் நினைவுப் புத்தகம். தாயே குழந்தைக்காக, உயிரோடு இருக்கும்போதே, கைப்பட எழுதி வைக்கும் நோட்டு.

பின்னணி

உகாண்டாவில் இந்த நோய் 1982-ல் ராக்காய் மாவட்டத்தில், விக்டோரியா ஏரிக்கரையின் கசென்செரோ என்ற மீனவர் குடியிருப்பில் முதலில் கண்ணில் பட்டது. ஆள் உருகிப்போவதால் ஜனங்கள் அதை ‘ஸ்லிம்’ என்றார்கள். 1987-ல் கணவனை இதற்குப் பறிகொடுத்த நோரீன் கலீபா மற்றவர்களோடு சேர்ந்து டாசோ என்ற ஆதரவு அமைப்பைத் தொடங்கினார். 1989-ல் பிரபல பாடகர் ஃபிலி லுட்டாயா தனக்கு எய்ட்ஸ் என்று வெளிப்படையாகச் சொல்லி, அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். வானொலியிலும் மேடையிலும் பேச்சு தொடங்கிவிட்டது. வீட்டுக்குள் தொடங்கவில்லை.

பியாட்ரிஸ் வேரே 1991-ல் கணவனை இழந்தபோது சிறு குழந்தைகளின் தாய். அதன் பிறகுதான் தனக்கும் தொற்று இருப்பது அவருக்குத் தெரிந்தது. கணவன் வீட்டார் சொத்துக்கு வந்தார்கள்; கொழுந்தன் அவரை மனைவியாக ஏற்றுக்கொள்ளும் பழைய வழக்கமும் எதிரே நின்றது. அவரும் அவரைப் போன்ற பெண்களும் சேர்ந்து 1992-ல் தொடங்கியது நாக்வோலா, எச்ஐவியோடு வாழும் பெண்களின் தேசிய அமைப்பு. நினைவுப் புத்தக வேலை இந்த அமைப்பின் வழியாகத்தான் உகாண்டாவில் வேர்விட்டது.

புத்தகம் பிறந்த இடம் லண்டன். வளர்ப்புக் குடும்பங்களுக்கு மாற்றப்படும் குழந்தைகளுக்கு, ‘நீ யார், எங்கிருந்து வந்தாய்’ என்று வாழ்க்கைக் கதைப் புத்தகம் தயாரித்துக் கொடுப்பது பிரிட்டிஷ் சமூகப் பணியாளர்களின் பழைய பழக்கம். 1990களில் பர்னார்டோஸ் குழந்தைகள் நல அமைப்பில் பணியாற்றிய கேரல் லிண்ட்சே ஸ்மித், லண்டனில் இருந்த ஆப்பிரிக்கத் தாய்மார்களோடு சேர்ந்து அதைத் திருப்பிப் போட்டார். மூன்றாம் ஆள் பிறகு தொகுப்பதற்குப் பதில், தாயே முன்கூட்டி எழுதுவது. சின்ன மாற்றம் மாதிரித் தெரியும். ஆனால் எழுத உட்காரும் தாய் தன் சாவை ஒப்புக்கொண்டுதான் உட்கார வேண்டும் என்பதால் வேலையின் தன்மையே மாறிப்போனது.

புத்தகத்துக்குள் என்ன

தலைப்பு அச்சடித்து, கீழே இடம் விட்ட பக்கங்கள். நான் பிறந்த ஊர், என் சிறுவயது, உன் அப்பாவைச் சந்தித்தது, நீ பிறந்த நாள், உன் முதல் சொல், உனக்கு வந்த காய்ச்சல்கள், உனக்குப் பிடித்த சாப்பாடு, உன் பள்ளிக்கூடம், குடும்ப மரம், நம் வழக்கங்கள், என் உடல்நலம், உன்னைப் பற்றிய என் ஆசைகள் என்ற போக்கில் இருக்கும். ஒரு குழந்தைக்கு ஒரு புத்தகம். மூன்று குழந்தை என்றால் மூன்று. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஒரே வீட்டுக் குழந்தைகளுக்குத் தகப்பன் வேறாக இருக்கலாம், ஒருவருக்குத் தொற்று இருந்து மற்றவருக்கு இல்லாமல் இருக்கலாம். பொதுப் புத்தகம் போட்டால் ஒருவரின் ரகசியம் மற்றவர் கையில் போய்ச் சேரும்.

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் கடைசிப் பக்கத்தைத்தான், அந்த ஆசைகள், அறிவுரைகள் பக்கத்தைத்தான், புத்தகத்தின் உயிர் என்று நினைப்பார்கள். எங்கள் கணக்கில் உயிர் இருப்பது குடும்ப மரப் பக்கத்தில். உகாண்டாவுக்குள் இருக்கும் புகாண்டா என்ற பகுதியை எடுத்துக்கொண்டால் காரணம் விளங்கும். அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட குலங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு குலச்சின்னம்: சிறுத்தை, யானை, குரங்கு, நுரையீரல் மீன் என்று. குழந்தை தகப்பன் குலத்தைச் சேரும். தன் குலச்சின்னமான உயிரினத்தைச் சாப்பிடக் கூடாது. அதே குலத்தில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ கூடாது. பங்காளி முறை தெரிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெயரும் குலத்தின் சொத்து. அந்தந்தக் குலத்துக்குரிய பெயர்களிலிருந்துதான் குழந்தைக்குப் பெயர் எடுப்பார்கள். தகப்பன் முதலில் இறந்து, தாயும் இறந்து, குழந்தை தாய்வழிப் பாட்டியிடம் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தகப்பன் குலத்தின் பெயரும், அந்தக் குலத்தின் இடுகாடு எந்த ஊரில் இருக்கிறது என்பதும் எழுதப்படாமல் போனால், பதினைந்து வருடம் கழித்து அந்தப் பையன் யாரிடம் போய் ‘நான் உங்கள் ஆள்’ என்று சொல்வான்? நிலத்தில் பங்கு கேட்பது இருக்கட்டும், கல்யாணத்துக்கு முறை பார்ப்பதே நின்றுபோகும்.

பெண் குழந்தை என்றால் இன்னொரு பெயர் கட்டாயம்: அப்பாவின் சகோதரி. அங்கே அவளுக்கு ‘செங்கா’ என்று பேர். பெரியவளாவது முதல் தாம்பத்தியம் வரை பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியது தாய் இல்லை, அத்தைதான். தகப்பன் வீட்டோடு மனக்கசப்பில் இருக்கும் தாய் அத்தையின் பெயரை விட்டுவிடுவாள். பயிற்சி கொடுப்பவர் இதைக் கண்டுபிடித்துக் கேட்க வேண்டும். அந்த அத்தை வேண்டாம் என்றால், அவள் இடத்தில் யார் என்றாவது எழுத வைக்க வேண்டும்.

எழுத வைக்கும் முறை

நேரம்தான் முதல் விஷயம். படுக்கையில் விழுந்த பிறகு தொடங்கினால் காரியம் கெட்டது. முற்றிய எச்ஐவி மூளையைத் தொடும். ஞாபகம் தடுமாறும், கை நடுங்கும். பூஞ்சை மூளைக்காய்ச்சலோ காசநோயோ வந்தால் சில வாரங்களில் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே தாய் சந்தைக்குப் போய்வரும் அளவு தெம்போடு இருக்கும்போதே முதல் பக்கம் எழுதப்பட வேண்டும். ‘இப்போது என்ன அவசரம்’ என்று அவள் கேட்பதே சரியான நேரத்துக்கு அடையாளம்.

தனியாக எழுதச் சொல்லி நோட்டைக் கொடுத்தனுப்பினால் அது வெறுமையாகவே கிடக்கும். குழுவாக உட்கார வைக்க வேண்டும். பயிற்சி தருபவரும் தொற்றோடு வாழும் தாயாக இருப்பது நாக்வோலா முறையின் பலம். தன் புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கத்தை அவர் வாசித்துக் காட்டினால் போதும், மற்றவர்களுக்குப் பேனா ஓடும். ஓர் அமர்வுக்கு ஒன்றிரண்டு பக்கம், ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கனமான பக்கத்தை எழுதிய அன்று அப்படியே வீட்டுக்கு அனுப்பக் கூடாது. டீ, சாப்பாடு, பாட்டு என்று ஏதாவது ஒன்றில் முடித்து அனுப்ப வேண்டும்.

பக்கங்களை அச்சடித்த வரிசையிலேயே நிரப்ப வேண்டியதில்லை. முதலில் குழந்தை பிறந்த நாள். அதில் எந்தத் தாய்க்கும் சொல்ல விஷயம் இருக்கும், முகமும் மலரும். அடுத்து உடனே குடும்ப மரமும் பாதுகாவலர் பெயரும். உடம்பு எப்போது கைவிடும் என்று தெரியாததால், தவறவிட முடியாத தகவல் முதல் சில அமர்வுகளுக்குள் ஏறிவிட வேண்டும். நோயைப் பற்றிய பக்கம் நடுவில் வரட்டும். ஆசைகள், அறிவுரைகள் கடைசியில்.

எழுதத் தெரியாத தாய்மார் நிறையப் பேர். அவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதலாம். அந்த இன்னொருவர் மூத்த மகளாக இருக்கக் கூடாது, அது அவளுக்குத் தாங்க முடியாத சுமை. எழுதுபவர் வாக்கியத்தைத் திருத்தவும் கூடாது. ‘நீ பால் குடிக்க மாட்டாய், மூக்கைப் பிடித்துத்தான் புகட்டினேன்’ என்று அவள் சொன்னால் அப்படியே ஏற வேண்டும். ‘நீ குழந்தைப் பருவத்தில் பால் விரும்பவில்லை’ என்று நல்ல நடையில் மாற்றினால் தாயின் குரல் போய்விட்டது. எழுத்துக்குப் பதில் படமும் போடலாம்: வீட்டின் அமைப்பு, தண்ணீர் எடுக்கப் போன வழி, தாயின் உள்ளங்கை ஓரமாகப் பென்சிலால் இழுத்த கோடு. கை அச்சின் மேல் குழந்தை தன் கையை வைத்துப் பார்க்கும். பெரியவனாகி, தன் கை அம்மாவின் கையைத் தாண்டிவிட்டதையும் ஒருநாள் பார்த்துக்கொள்ளும்.

பொதுவான பாசச் சொல்லைவிடச் சின்னத் தகவலுக்கு ஆயுள் அதிகம். ‘உன்னை மிகவும் நேசித்தேன்’ என்று எல்லாத் தாயும் எழுதுவாள். எந்த வாழைப்பழ வகைக்காகக் குழந்தை அடம்பிடிக்கும், எந்தத் திண்ணையிலிருந்து விழுந்து நெற்றியில் தழும்பு வந்தது, இரட்டையர் என்றால் யார் முதலில் வந்தது என்பதை அவள் ஒருத்திதான் எழுத முடியும். கடைசியாகச் சொன்னது அங்கே அற்ப விஷயமும் இல்லை: இரட்டைப் பெண்களில் மூத்தவள் பபிர்யே, இளையவள் நகாத்தோ, பெயரே வரிசையைச் சொல்லும்.

பொருள் சார்ந்த சில கட்டுப்பாடுகள். போட்டோவின் பின்னால் பென்சிலால், அழுத்தாமல், இடமிருந்து வலமாகப் பெயர்களும் ஊரும் வருடமும் எழுத வேண்டும். பேனா மை முன்பக்கம் ஊறும். மாவுப் பசை வேண்டாம், பூச்சி வரும். நான்கு மூலையிலும் காகித மடிப்பு வைத்துச் செருகினால் போதும். மண் தரை வீட்டில் கரையான் ஒரு மழைக்காலத்தில் நோட்டையே தின்றுவிடும், ஆகவே தகரப் பெட்டி, அதுவும் தரையில் படாமல். முடிந்தால் முக்கியமான பக்கங்களுக்கு ஒரு நகல், வேறு வீட்டில்.

எங்கே சறுக்குகிறது

பெரும் சறுக்கல், நோயைச் சொல்லாமலேயே புத்தகத்தை முடிப்பது. ‘என் உடல்நலம்’ பக்கத்தில் மலேரியா என்றோ நெஞ்சுவலி என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காரணம் புரியக்கூடியதுதான். குழந்தை பள்ளியில் சொல்லிவிடும், ஊர் ஒதுக்கும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார். ஆனால் அந்தக் குழந்தை உண்மையை வேறு ஒருவர் வாயால் கேட்கத்தான் போகிறது, பெரும்பாலும் சண்டையில் வீசப்பட்ட வசையாக. அன்று புத்தகத்தின் மற்ற எல்லாப் பக்கத்தின் மேலும் சந்தேகம் விழும். வெளியே சொல்லத் தயாராக இல்லாத தாய் அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு, ‘இதைப் பற்றி நேரில் சொல்வேன்’ என்று எழுதலாம். பொய்யைவிட அது மேல். ஆனால் சொல்லும் பொறுப்பை இன்னொரு பெரியவரிடமும் ஒப்படைத்து வைக்க வேண்டும்.

வயதுக்கேற்ப சொல்வதும் ஒரு வேலை. ஐந்து வயதுக்குக் கீழே ‘இனி வரவே மாட்டாள்’ என்பது பிடிபடாது. ஆறேழு வயதில், தான் செய்த குறும்பால்தான் அம்மாவுக்கு உடம்புக்கு வந்தது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொள்ளும். ‘தூங்குகிறாள்’, ‘ஊருக்குப் போயிருக்கிறாள்’ என்று சொன்னால் முதலாவதைக் கேட்ட குழந்தை தூங்கப் பயப்படும், இரண்டாவதைக் கேட்ட குழந்தை வாசலில் காத்திருக்கும். புத்தகத்தில் ஒரு வாக்கியம் கட்டாயம் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்: ‘எனக்கு வந்தது கிருமியால் வந்த நோய், நீ செய்த எதனாலும் வரவில்லை.’

தகப்பனைப் பற்றிய பக்கத்தில் இன்னொரு வழுக்கல். யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்பது தாயின் நெஞ்சில் எரியும். எழுத உட்கார்ந்தால் அது முதலில் கொட்டும். கொட்டட்டும், ஆனால் தனித்தாளில். புத்தகத்தில் ஏறுவது அவன் பெயர், ஊர், வேலை, நடை, சிரிப்பு, குழந்தையைத் தூக்கிய விதம். பழி எழுதினால் குழந்தை தன்னில் பாதியை வெறுக்கக் கற்கும்.

மூன்றாவது சறுக்கல் சட்டம் தெரியாமல் வருவது. ‘இந்த வீடு உனக்கு’ என்று நினைவுப் புத்தகத்தில் எழுதினால் அது உயில் ஆகாது. உகாண்டா வாரிசுரிமைச் சட்டப்படி உயிலுக்குக் கையெழுத்தோடு இரண்டு சாட்சிகள் வேண்டும். உயில் இல்லாமல் கணவன் இறந்தால், அந்தக் காலத்தில் நடப்பிலிருந்த 1972-ன் பங்கீட்டுப்படி பிள்ளைகளுக்கு 75 சதவீதம், கைம்பெண்ணுக்கு 15, அண்டியிருந்த உறவினருக்கு 9, வழக்கப்படியான வாரிசுக்கு 1. காகிதத்தில் இவ்வளவாவது இருந்தது. நடைமுறையில் அடக்கம் முடிந்த கையோடு பங்காளிகள் வந்து கட்டில், சைக்கிள், கூரைத் தகரம் வரை எடுத்துப் போன வீடுகள் உண்டு. ஆகவே உயில் தனி, புத்தகம் தனி. உயிலின் மூலப்பிரதி ஒரு வக்கீலிடமோ தேவாலயத்திலோ இருக்க, புத்தகத்தில் அது எங்கே இருக்கிறது, சாட்சிகள் யார் என்பது மட்டும் இருக்கட்டும். பிறப்புச் சான்றும் பள்ளி ரசீதும் புத்தகத்தின் பின் உறையில்.

உகாண்டாவின் லுவேரோ, டோரோரோ மாவட்டங்களில் பிளான் என்ற குழந்தைகள் நல அமைப்பு பாதுகாவலர் நியமனம், உயில், நினைவுப் புத்தகம் மூன்றையும் ஒன்றாக வைத்து ஒரு திட்டம் நடத்தியது. மக்கரேரே பல்கலைக்கழகத்தாரும் பாப்புலேஷன் கவுன்சில் என்ற ஆய்வு நிறுவனமும் அதை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளிடம் நோயைச் சொன்ன பெற்றோரும், பாதுகாவலரை முடிவு செய்த பெற்றோரும் கூடினார்கள். உயிலில்தான் தயக்கம் நீடித்தது. உயில் எழுதினால் சாவு சீக்கிரம் வரும் என்ற அச்சம் எந்த ஊரிலும் உள்ளதே.

பாதுகாவலர் என்று ஒருவரின் பெயரை எழுதிவிட்டு அவரிடமே சொல்லாமல் இருப்பதும் நடக்கும். சித்திதான் பார்த்துக்கொள்வாள் என்று எழுதியிருக்கும். சித்திக்கு ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள். பெயர் ஏறும் முன் அவர் வீட்டுக்குப் போய், குழந்தை முன்னிலையில் கேட்டு, அவர் வாயால் ‘சரி’ வர வேண்டும். அப்போதே மாற்றுப் பெயர் ஒன்றும்.

கடைசியாக, சில பிள்ளைகள் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். தூக்கி எறிவதும் உண்டு. அதைத் தோல்வி என்று எடுத்துக்கொண்டு வற்புறுத்தக் கூடாது. பாதுகாவலர் எடுத்து வைத்து, இருக்கும் இடத்தை மட்டும் சொல்லிவிட வேண்டும். பள்ளிப்படிப்பு முடியும்போதோ, கல்யாணப் பேச்சு வரும்போதோ அவர்களே கேட்பார்கள்.

தாய் போன பிறகு: நேட்டால் முறை

எழுதாமலே இறந்துபோன பெற்றோரின் பிள்ளைகளுக்கு என்ன வழி? தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் உள்ள பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் வரலாற்றாசிரியர் ஃபிலிப் டெனிஸ் தொடங்கிய சினோம்லாண்டோ மையம் முதலில் வாய்மொழி வரலாறு சேகரித்த இடம். 2000-க்குப் பிறகு அந்த முறையையே குடும்பங்களுக்குள் கொண்டுபோனார்கள். பாட்டியையோ அத்தையையோ உட்கார வைத்து, குழந்தை பக்கத்தில் இருக்க, இறந்தவரைப் பற்றிச் சொல்ல வைத்து ஒலிப்பதிவு செய்வது. அதை ஜூலு மொழியிலேயே எழுத்தாக்கி, சிறு புத்தகமாகக் கோத்து, சொன்னவரிடமே வாசித்துக் காட்டித் திருத்தி, போட்டோ, துணி, சின்னச் சாமான்களோடு ஒரு பெட்டியில் வைத்துக் குழந்தையிடம் கொடுப்பது.

இங்கே தடை வேறு. சாவைப் பற்றிச் சிறுபிள்ளை முன் பேசுவது மரியாதைக் குறைவு, அதற்குப் புரியாது என்பது பாட்டிகளின் எண்ணம். அதை உடைக்கச் சாவிலிருந்து தொடங்கவே கூடாது. ‘உங்கள் மகள் சின்ன வயதில் எப்படி?’ என்று கேட்டால் பாட்டி பேசுவாள். பேச்சு தானாக நோய்க்கு வரும். பதிவுக்கு முன் அனுமதி, பதிவை யார் கேட்கலாம் என்ற ஒப்பந்தம், பெட்டிக்கு ஒரு பூட்டு, சாவி குழந்தையிடம். பூட்டு இல்லாத பெட்டியில் பக்கத்து வீட்டு விரல்கள் புகுந்துவிடும்.

மருந்து வந்த பிறகு

2004 வாக்கில் உகாண்டாவில் எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரை இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியது. சாவுக்காகப் புத்தகம் எழுதிய தாய்மார்கள் சாகவில்லை. திட்டத்துக்கு இது எதிர்பாராத சோதனை. எழுதி முடித்த நோட்டு தகரப் பெட்டியில், எழுதியவள் அடுப்படியில். அதை இப்போது கொடுப்பதா, ஒளிப்பதா?

கொடுத்துவிட்டுச் சேர்ந்து தொடரலாம் என்பதுதான் நடைமுறையில் கண்ட வழி. நோயைச் சொல்லிவிட்ட வீட்டில் மாத்திரை நேரத்தைப் பிள்ளை ஞாபகப்படுத்தும். தாய் ஒளித்து விழுங்க வேண்டியதில்லை. குடும்ப மரத்தில் புதுக் குழந்தைகள் ஏறும், பாதுகாவலர் இறந்திருந்தால் பெயர் மாறும், பிள்ளை தன் கையால் தன் பக்கத்தை எழுதும். பிறப்பிலேயே தொற்று பெற்றுப் பதின்பருவத்துக்கு வந்துவிட்ட பிள்ளைகளுக்கு ‘என் உடல்நலம்’ என்ற தலைப்பு இப்போது அவர்களுடையது. அங்கே தாயின் பழைய வரிகளுக்குக் கீழே பிள்ளை எழுதுவது மாத்திரையின் பெயர், சாப்பிடும் மணி, அடுத்து மருந்து வாங்கப் போக வேண்டிய தேதி.